நிழலால் நோய் தீர்க்கும் பேதுரு: மசாச்சோவின் சுவரோவியத்தை மாணவருக்கு எப்படி விளக்குவது?

கொட்டாஞ்சேனை மறைக்கல்வி எழுதியது:

வணக்கம். எங்கள் பங்கு மண்டபத்தில் உயர்தரச் சித்திர மாணவர்களும் மறைக்கல்வி மேல்வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் ஒரு வகுப்பு. புனிதர்கள் நோயாளரைக் குணமாக்கும் மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒன்றை எடுத்து 45 நிமிடத்தில் விளக்க வேண்டும். மசாச்சோ வரைந்த, புனித பேதுரு தன் நிழலால் நோயாளரைக் குணமாக்கும் ஓவியத்தைத் தெரிவு செய்திருக்கிறோம்.

மூன்று இடங்களில் தெளிவு வேண்டும். பேதுரு நோயாளரைப் பார்க்கவே இல்லை, ஆசீர்வதிக்கக் கை உயரவும் இல்லை. பிள்ளைகள் "இவர் ஏன் கவனிக்காமல் போகிறார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டாவது, இடப்பக்கம் இருக்கும் நோயாளர்களை எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும்? மூன்றாவது, இணையத்தில் இதே ஓவியம் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று கறுத்துப் பழுப்பேறி இருக்கிறது, மற்றது வெளிச்சமாக இருக்கிறது, வலப்பக்கம் ஏதோ கூடுதலாகவும் தெரிகிறது. எதை அச்சடிப்பது?

விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புச்சுவர் பதில்:

நல்ல தெரிவு. மனிதர் குறைவு, நடப்பது ஒரே செயல், ஓவியர் யோசித்த விதம் வெளியே தெரிகிறது. பிள்ளைகளோடு பார்க்க இதைவிடப் பொருத்தமான குணமாக்கல் ஓவியம் கிடைப்பது கடினம்.

முதலில் ஓவியம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், அது இல்லாமல் நிழல் விளங்காது. புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆற்றின் தென்கரையில் சாந்தா மரியா தெல் கார்மினே என்ற கார்மேல் சபை ஆலயம். அதற்குள் பிரான்காச்சி குடும்பத்தின் சிற்றாலயம். அதன் பீடச் சுவரின் நடுவில் ஒரு சன்னல். சன்னலுக்கு இடப்பக்கம் கீழ்வரிசையில் நமது ஓவியம், வலப்பக்கம் அதே வரிசையில் அனனியா விழுந்து இறக்கும் காட்சி. 1420களின் நடுப்பகுதியில் மசோலினோவும் மசாச்சோவும் சேர்ந்து தொடங்கிய வேலை இது. மசாச்சோ 1401இல் பிறந்து 1428இல் ரோமாபுரியில் இறந்துபோனார். மீதியை 1480களில் பிலிப்பினோ லிப்பி முடித்தார்.

இப்போது நிழல். மசாச்சோ ஓவியத்துக்குள் வரும் வெளிச்சத்தை, சுவரில் உண்மையாக இருக்கும் அந்தச் சன்னலில் இருந்தே வரவைத்திருக்கிறார். நமது ஓவியத்துக்குச் சன்னல் வலப்பக்கம். ஆகவே வெளிச்சம் வலமிருந்து வருகிறது, பேதுருவின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, நோயாளர்கள் இருப்பதும் இடப்பக்கமே. சிற்றாலயத்தில் நின்று செபிப்பவர் மேல் படுகிற அதே வெளிச்சம் அந்த அற்புதத்தையும் செய்கிறது. வலப்பக்க ஓவியத்தில் எல்லாம் மாறி, வெளிச்சம் இடமிருந்து வரும்.

இதை வாயால் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம், செய்து காட்டுங்கள். இரண்டு காட்சிகளையும் அச்சடித்துச் சுவரில் ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். கீழே ஒரு மேசை. மண்டப விளக்குகளை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசி டோர்ச்சை இரண்டு படங்களுக்கும் நடுவில், சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே பிடியுங்கள். இடப்பக்கப் படத்தின் முன்னால் 10 செ.மீ. உயர மெழுகுதிரி ஒன்றை நிறுத்தினால் நிழல் இடப்பக்கம் விழும். அதே திரியை வலப்பக்கப் படத்தின் முன் வைத்தால் நிழல் வலப்பக்கம் போகும். டோர்ச்சை மெழுகுதிரியின் உச்சியைவிடச் சற்று மேலே பிடியுங்கள். அதிக உயரத்தில் பிடித்தால் நிழல் குறுகி அடியிலேயே ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளுக்குத் திசை தெரியாது.

நோயாளர் ஒழுங்கு: முன்னாலிருந்து பின்னால் போகாதீர்கள், பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பேதுரு தெருவின் உள்ளிருந்து நம்மை நோக்கி நடந்து வருகிறார். ஆகவே பின்னால் நிற்பவர்களை அவர் ஏற்கெனவே கடந்துவிட்டார், அவர்கள் நேராக நிற்கிறார்கள், ஒருவர் கைகூப்பி நிற்கிறார். அவர்களுக்கு முன்னால் ஒருவர் முழங்காலில், எழும்புகிற நிலையில். எல்லோருக்கும் முன்னால், நமக்கு மிக அருகில், சூம்பிப்போன கால்களோடு தரையில் இருப்பவர். அவருக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை, அல்லது இந்தக் கணத்தில்தான் நடக்கப்போகிறது. அவர் நிமிர்ந்து பேதுருவின் முகத்தையே பார்க்கிறார். நான்கு வேறு மனிதர்களை வைத்து ஒரே குணமடைதலின் நான்கு படிகளைக் காட்டியிருக்கிறார் மசாச்சோ. கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மடிந்த கால், முழங்கால், நிமிர்ந்த கால் என்று ஒரு பிள்ளை தானாகவே சொல்லிவிடும்.

வெள்ளவத்தை வாசகி பதில்:

பேதுரு ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு வேதாகமப் பகுதியை அருகில் வைத்துப் பாருங்கள். திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரம், 12 முதல் 16 வரை. 15ஆம் வசனத்தில் மக்கள் நோயாளரைக் கட்டில்களிலும் பாய்களிலும் கிடத்தித் தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள், பேதுரு போகும்போது அவர் நிழலாவது சிலர்மேல் படாதா என்ற எதிர்பார்ப்பில். நிழல் பட்டுக் குணமானார்கள் என்று அந்த வசனம் நேராகச் சொல்லவில்லை. 16ஆம் வசனம்தான், சுற்றியிருந்த ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட எல்லோரும் குணமடைந்தார்கள் என்று முடிக்கிறது.

மசாச்சோ இதில் மூன்று மாற்றம் செய்கிறார். கட்டிலும் இல்லை, பாயும் இல்லை. பெருங்கூட்டம் நான்கு பேராகச் சுருங்கிவிட்டது. மக்களின் எதிர்பார்ப்பாக இருந்தது நம் கண்முன்னால் நடக்கும் செயலாகிவிட்டது. இந்த மூன்றையும் மாணவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். வசனத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் ஓவியத்தில் தேடினால் பத்து நிமிடத்தில் முடியும், அதுவே நல்ல விளக்கம்.

பார்வைக்கு வருகிறேன். பேதுரு திரும்பிப் பார்த்து, கையை உயர்த்தி ஆசீர்வதித்திருந்தால் குணமாக்கியது அந்தக் கை என்று ஆகியிருக்கும். நிழல் வெறும் நிழலாகப் போயிருக்கும். அவர் எதையும் செய்யாமல் நடப்பதால், வல்லமை அவருடைய முயற்சியில் இருந்து வரவில்லை, அவர் ஊடாக வருகிறது என்பது தெரிகிறது. கவனிக்காமல் போகிறார் என்று பிள்ளை சொன்னால் மறுக்காதீர்கள். "அப்படியானால் குணமாக்குவது யார்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

பேதுரு என்று எப்படி அடையாளம் காண்பது என்றும் கேட்பார்கள், ஏனென்றால் கையில் திறவுகோல் இல்லை. நீல அங்கியின் மேல் மஞ்சள் கலந்த செம்மஞ்சள் போர்வை, சுருண்ட நரைமுடி, கட்டைத் தாடி. அதே சிற்றாலயத்தில் மசாச்சோ வரைந்த வரிக்காசுக் காட்சியிலும் இதே உடை, இதே தலை. சிற்றாலயம் முழுக்க பேதுருவின் கதைதான், ஏனென்றால் அதைத் தாபித்த பியேத்ரோ பிரான்காச்சியின் பெயர்ப்புனிதர் அவர். பக்கத்தில் தாடியில்லாமல் வரும் இளைஞர் யோவான். பின்னால் இருப்பவர்களில் இவர் இன்ன சிற்பி, இவர் ஓவியரின் சகோதரர் என்றெல்லாம் சில தளங்கள் எழுதும். அவை ஊகங்கள், விடைத்தாளில் எழுதவேண்டாம்.

தெருவையும் விடாதீர்கள். அது எருசலேம் இல்லை, மசாச்சோ காலத்துப் புளோரன்ஸ். முரட்டுக் கல் பதித்த மாளிகைச் சுவர், அடுத்தடுத்து மேல்மாடி தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு மரச்சட்டங்களில் தாங்கி நிற்கும் சாதாரண வீடுகள். அற்புதம் தங்கள் ஒழுங்கையில் நடக்கிறது என்று அந்த ஊர்க்காரர் உணர்ந்திருப்பார்கள். ஜம்பட்டா வீதியை வரைந்து அதில் பேதுருவை நடக்கவிட்டால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி.

பேலியகொட வாசன் பதில்:

இது கொள்ளைநோய்க் கால ஓவியம் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். 1348இல் புளோரன்ஸில் பாதிப்பேர் செத்தார்கள், அந்தப் பயம்தான் இப்படியான ஓவியங்களுக்குக் காரணம்.

சுண்ணாம்புச்சுவர் பதில்:

இந்த ஓவியத்துக்கு அதை எழுதக்கூடாது. 1348 கொள்ளைநோய் உண்மை, அதன்பின்பும் அது திரும்பத் திரும்ப வந்ததும் உண்மை. ஆனால் ஓவியத்தில் கொள்ளைநோயின் அடையாளம் ஒன்றாவது இருக்க வேண்டுமே? அந்த நோயில் கவட்டிலும் அக்குளிலும் கட்டி வீங்கும். இங்கே இருப்பது சூம்பிய கால், முதுமை, தெருவில் இருந்து யாசிக்கும் வறுமை. நோயாளரைக் கண்டவுடன் கொள்ளைநோய் என்று எழுதுவது இந்தத் தலைப்பில் மாணவர் செய்யும் மிகப் பொதுவான பிழை.

கொள்ளைநோய் ஓவியத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதில் நிற்கும் புனிதர். அம்பு தைத்த செபஸ்தியார் அல்லது தொடையைக் காட்டும் ரோக்கு இருந்தால் அந்தத் திசையில் யோசிக்கலாம். கொள்ளைநோய் வானிலிருந்து எய்யப்படும் அம்பாகக் கருதப்பட்டது, அம்புகள் தைத்தும் சாகாத செபஸ்தியார் அதற்குக் காவலரானார். ரோக்கு யாத்திரைக் கோலுடன் நின்று உடையை விலக்கித் தொடையிலுள்ள புண்ணைக் காட்டுவார், அருகில் அப்பம் கவ்விய நாய். கட்டி உண்மையில் வருவது கவட்டில், மரியாதை கருதி ஓவியர்கள் அதைத் தொடைக்கு இறக்கினார்கள். உண்மையான கொள்ளைநோய்க் காட்சி வேண்டுமென்றால் தின்தொரெத்தோ 1549இல் வெனிஸின் சான் ரொக்கோ ஆலயத்துக்கு வரைந்த பெரிய கித்தான் ஓவியத்தைக் காட்டுங்கள். ரோக்கு கொள்ளைநோய் விடுதி ஒன்றுக்குள் நடமாடுகிறார், பெரும்பகுதி இருள்.

நிறமும்_காரையும் பதில்:

அச்சு விஷயம் என் பக்கம்.

கறுத்த படம் 1980களின் துப்புரவுக்கு முந்தியது. 1771இல் அந்த ஆலயத்தில் பெருந்தீ. சிற்றாலயம் தப்பியது, ஆனால் புகை படிந்தது. அதற்கு முன்னும் பின்னும் மெழுகுதிரிப் புகை, பழைய பழுதுபார்ப்பாளர்கள் பூசிய மேற்பூச்சுகள் பழுப்பேறியது எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கறுப்பு. 18ஆம் நூற்றாண்டில் வைத்த பளிங்குப் பீடம் ஓவியத்தின் வலது விளிம்பை மூடியிருந்தது. அதை அகற்றியபோது ஒரு தேவாலய முகப்பு, மணிக்கோபுரம், நீல வானத்தின் ஒரு துண்டு, கொரிந்தியத் தலை கொண்ட தூண் எல்லாம் வெளியே வந்தன. நீங்கள் கூடுதலாகத் தெரிகிறது என்றது அதுதான். ஆகவே சோதனை எளிது. வலப்பக்கம் தூணும் மணிக்கோபுரமும் இருந்தால் அது துப்புரவுக்குப் பிந்திய முழுப் படம். இல்லையென்றால் பழைய படம், அல்லது யாரோ வெட்டியது.

மூலம் 230 செ.மீ. உயரம், 162 செ.மீ. அகலம். பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 23 × 16.2 செ.மீ., A4 தாளில் வசதியாக அடங்கும், டோர்ச் செய்முறைக்கு அது போதும். மண்டபத்தின் பின்வரிசைக்குத் தெரிய A3 எடுங்கள். 40 செ.மீ. உயரம் வைத்தால் அகலம் 28.2 செ.மீ. வரும். அதற்குக் கோப்பு குறைந்தது 2362 × 1664 பிக்சல் இருக்க வேண்டும், அது அங்குலத்துக்கு 150 புள்ளி. அதற்குக் கீழே போனால் முகங்கள் முதலில் கெடும்.

அச்சுக்கடையில் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். தானியங்கி நிறத்திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அது இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும், மசாச்சோவின் நிழல் கறுப்பாக அடித்த நிழல் இல்லை, தரை நிறத்திலேயே மென்மையாக இறங்குகிற சாயல், ஆகவே முதலில் காணாமல் போவது அதுவே. நிழல் இல்லாமல் இந்த ஓவியத்தை விளக்க என்ன இருக்கிறது? அடுத்தது, பளபளப்புத் தாள் வேண்டாம், மங்கல் தாள். மண்டபத்து டியூப் லைட் பளபளப்புத் தாளில் பட்டைப் பட்டையாக விழும்.

சித்திர மாணவருக்கு நுட்பமும் சொல்லலாம். கரடுமுரடான முதல் காரை, அதன்மேல் செம்மண் நிறத்தில் அடிக்கோட்டு வரைவு, அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த மெல்லிய காரை. அன்று வரைந்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே அந்த மெல்லிய காரையைப் பூசுவார்கள். நீரில் குழைத்த நிறத்தை அது ஈரமாக இருக்கும்போதே வைக்க வேண்டும். காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக் கல்சியம் காபனேற்றாக இறுகி நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஈரம் போன பிறகு வைத்த நிறம் அப்படிப் பிடிக்காது. அசுரைட் என்ற கனிமத்தின் நீலத்தைப் பெரும்பாலும் காய்ந்த பின் பசையுடன் பூசியதால், பழைய சுவரோவியங்களில் நீல வானமும் நீல உடையும் முதலில் உதிர்ந்திருக்கும்.

கொட்டாஞ்சேனை மறைக்கல்வி எழுதியது:

மிக்க நன்றி எல்லோருக்கும். டோர்ச் செய்முறையைக் கட்டாயம் செய்வோம். இன்னும் இரண்டு. அனனியா காட்சியையும் பக்கத்தில் ஒட்டப்போகிறோம், அதைப்பற்றி என்ன சொல்ல? மற்றது, ஒப்பீட்டுக்கு வேறு குணமாக்கல் ஓவியங்கள் இரண்டு மூன்று காட்ட விரும்புகிறோம். புனித அந்தோனியார் நோயாளரோடு இருக்கும் ஜெர்மன் பீட ஓவியம் ஒன்று இருப்பதாகக் கேள்வி. கொச்சிக்கடை பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வருவதால் அது பொருத்தமாக இருக்குமே?

வெள்ளவத்தை வாசகி பதில்:

கவனம், அது வேறு அந்தோனியார். கொச்சிக்கடையில் நாம் வணங்குபவர் பதுவை அந்தோனியார், 1231இல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி, கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும், திருநாள் ஜூன் 13. நீங்கள் சொல்வது மத்தியாஸ் குருனேவால்ட் 1512 முதல் 1516 வரை வரைந்த இசென்ஹைம் பீடம், இப்போது கொல்மார் நகர அருங்காட்சியகத்தில். அதில் இருப்பவர் எகிப்தின் வனத்து அந்தோனியார், திருநாள் ஜனவரி 17. அவரது அடையாளம் ஆங்கில 'T' எழுத்து வடிவக் கோல், சிலவேளை மணியும் பன்றியும்.

ஆனால் காட்டுங்கள், கட்டாயம் காட்டுங்கள். அந்தப் பீடம் நோயாளரைப் பராமரித்த அந்தோனியார் சபை மடத்துக்காக வரையப்பட்டது. கம்புத் தானியத்தைப் போன்ற ரை என்ற தானியத்தில் வளரும் நச்சுப் பூஞ்சையால் கைகால் எரிந்து அழுகும் நோய்க்கு அந்தோனியார் நெருப்பு என்று பெயர். பேய்கள் அந்தோனியாரை வதைக்கும் சோதனைக் காட்சியின் இடது கீழ்மூலையில் வயிறு வீங்கிப் புண் நிறைந்த ஓர் உருவம் கிடக்கிறது, பார்த்தவுடன் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். இங்கே புனிதர் யாரையும் குணமாக்கவில்லை, தானே வதைபடுகிறார். நோயாளி தன்னோடு சேர்ந்து வதைபடும் புனிதரைக் காண்கிறார். பேதுருவின் அமைதியான நடைக்குப் பக்கத்தில் இதை வைத்தால் ஆறுதல் என்பது இரண்டு ஓவியருக்கும் எவ்வளவு வித்தியாசமான விஷயம் என்று தெரியும்.

புனிதர்களை அடையாளம் காணும் பயிற்சிக்கு உங்கள் புனித லூசியா பேராலயத்திலேயே தொடங்கலாம். தட்டில் கண்களைக் கண்டால் லூசியா என்று கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதே பழக்கத்தை ரோக்குவுக்கும் செபஸ்தியாருக்கும் கொண்டுபோகட்டும்.

சுண்ணாம்புச்சுவர் பதில்:

அனனியா பற்றி: அதே 5ஆம் அதிகாரத்தின் தொடக்கம். நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஒளித்துவிட்டுப் பொய் சொன்னவர் பேதுருவின் முன் விழுந்து இறக்கிறார். சுவரில் அவர் காலடியில் கிடக்கிறார், பக்கத்தில் குழந்தையைச் சுமந்த ஏழைத்தாய் பங்கு வாங்குகிறாள். சன்னலின் ஒரு பக்கம் கிடந்தவர்கள் எழுகிறார்கள், மறுபக்கம் நின்றவர் விழுகிறார். இரண்டிலும் அதே பேதுரு, அதே சன்னல் வெளிச்சம். இரண்டையும் தனித்தனியே விளக்கும் மாணவர் பாதியைத் தவறவிடுகிறார். ஆகவே பக்கத்தில் ஒட்டுவது மிகச் சரி, இடம் வலம் மாறாமல் ஒட்டுங்கள்.

ஒப்பீட்டுக்கு இன்னொன்று: பிரா ஆஞ்சலிக்கோ, கொஸ்மாஸ், தமியான் என்ற இரட்டையர். காசு வாங்காமல் மருத்துவம் செய்தவர்கள், மெதிச்சி குடும்பத்தின் காவலர்கள். சான் மார்க்கோ பீடத்தின் அடிவரிசைப் பலகைகளில் ஒன்று, 37 × 45 செ.மீ. மட்டுமே. உறங்கும் திருத்தொண்டர் ஒருவரின் அழுகிய காலை எடுத்துவிட்டு, இறந்த எத்தியோப்பியர் ஒருவரின் காலைப் பொருத்துகிறார்கள். ஒரு கால் வெள்ளை, ஒரு கால் கறுப்பு. அந்தக் கறுத்த மனிதரின் உடலை யாரிடமும் கேளாமல் எடுக்கிறார்கள் என்பது கதையில் ஒரு பிரச்சினையாகவே வரவில்லை. பிள்ளைகள் அதைக் கேட்டால் மழுப்பாதீர்கள், கேட்கவேண்டிய கேள்விதான்.

மூன்றையும் ஒரே கேள்வியால் கட்டுங்கள்: குணம் நோயாளியை எந்த வழியாக வந்து அடைகிறது? மசாச்சோவில் நிழல் வழியாக, நோயாளி விழித்திருக்கப் புனிதர் பார்க்காமல். ஆஞ்சலிக்கோவில் கை வழியாக, புனிதர்கள் கவனமாக வேலைசெய்ய நோயாளி உறக்கத்தில். குருனேவால்டில் குணம் வரவேயில்லை, துணை மட்டும் வருகிறது.

நிறமும்_காரையும் பதில்:

ரபாயேல் வரைந்த, பேதுரு கால் ஊனமுற்றவரைக் குணமாக்கும் காட்சியையும் யாராவது சேர்க்கச் சொல்வார்கள், முறுக்குத் தூண்களோடு இருக்கும். சேர்த்தால் எந்தப் படம் என்று பாருங்கள். 1515–16இல் வரைந்த பெரிய மாதிரித் தாள் லண்டன் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து பிரசல்ஸில் நெய்த திரைச்சீலை வத்திக்கானில். நெசவாளர் பின்பக்கத்திலிருந்து நெய்ததால் திரைச்சீலையில் இடம் வலமாகிவிட்டது. வலது கை, இடது கை, வெளிச்சத்தின் திசை பற்றி எதுவும் எழுதுமுன் எது கையில் இருக்கிறதென்று படத்தின் பின்னால் பென்சிலால் குறித்துவிடுங்கள். வகுப்பில் இரண்டும் கலந்துவிட்டால் டோர்ச் பாடம் குழம்பிவிடும்.